கண்ணே மூலதனம்!

போட்டோவுக்கு "டச்சிங்", சினிமாவுக்குக் கலர்: திரைக்குப் பின்னால் வேலை செய்யும் தொழிலாளிகளின் கதை

வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் தொங்குகிறது. முகம் பளிச்சென்று இருக்கிறது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. "அந்தக் காலத்து போட்டோ என்றால் போட்டோதான்!" என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சுகிறார்கள்.

சினிமாவில் ஒரு காட்சி. கதாநாயகன் வயல் வரப்பில் நடந்து வருகிறான். பொன்னைக் கொட்டியது போல் வெயில். "காமிராமேன் கெட்டிக்காரர்" என்று பாராட்டிக்கொண்டே மக்கள் வெளியே வருகிறார்கள்.

இரண்டிலும் இன்னொருவருடைய கைவேலை இருக்கிறது. அவர் யார் என்று யாரும் கேட்பது இல்லை.

போட்டோவில் உள்ள குறைகளை நீக்குவதற்கு "டச்சிங்" என்று பெயர். சினிமாப் படத்தின் நிறங்களைச் சரிப்படுத்துபவரை முன்பு "கிரேடர்" என்றார்கள். இப்போது "கலரிஸ்ட்" என்கிறார்கள். இருவரும் அண்ணன் தம்பி போல. இருவருக்கும் மூலதனம் கண்தான்.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. வேலை நன்றாக இருந்தால், வேலை நடந்ததே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம்!

பாரிஸில் பரபரப்பு

1855-ம் ஆண்டு. பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. ஜெர்மனியில் உள்ள மூனிச் நகரைச் சேர்ந்த பிரான்ஸ் ஹான்ப்ஸ்டேங்கல் என்ற போட்டோக்காரர் அங்கே படங்களை வைத்திருந்தார்.

ஒரே ஆளின் படம் இரண்டு. ஒன்று, எடுத்தது எடுத்தபடி. மற்றொன்று, நெகட்டிவில் கை வைத்துத் திருத்தியது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். போட்டோ என்றால் உள்ளது உள்ளபடியே காட்டும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதைத் திருத்தவும் முடியும் என்று அன்று தெரிந்துகொண்டார்கள்.

முகத்தில் தழும்பு உண்டே, சுருக்கம் உண்டே என்று காமிராவுக்குத் தயங்கியவர்களுக்கும் இதனால் தைரியம் வந்தது.

திருத்துவதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. நீல நிறம்தான் நன்றாகப் பதியும். முகத்தில் லேசாகச் சிவந்த ஒரு பரு இருந்தால், போட்டோவில் அது கறுத்த புள்ளியாக வந்துவிடும். நேரில் பார்த்தால் தெரியாத குறை படத்தில் பூதாகாரமாகத் தெரியும். ஆகவே, திருத்தினால்தான் ஆள் ஆளாகவே இருப்பார் என்ற நிலை!

பென்சிலும் கத்தியும்

எப்படித் திருத்தினார்கள்?

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை கறுப்பாக இருக்கும். கறுத்த தலைமுடி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். முகத்தில் உள்ள கறுத்த பரு, நெகட்டிவில் வெளிச்சம் புகுந்து போகும் ஒரு தெளிந்த புள்ளி. அந்தப் புள்ளியைப் பென்சிலால் மெல்ல நிரப்பினால், அச்சில் பரு மறைந்துவிடும்.

அதற்கென்று சாய்வான மேஜை ஒன்று இருந்தது. நடுவில் பால் நிறக் கண்ணாடி. அதன் கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவை மேஜையில் வைத்து, பென்சில் பிடிப்பதற்காக அதன் மேல் ஒரு வார்னிஷைத் துளி தடவுவார்கள். பென்சிலின் முனையை ஊசி போலத் தீட்டிக்கொள்வார்கள். பிறகு சின்னச் சின்னச் சுழிகள், சின்னச் சின்னக் கோடுகள். அழுத்திவிட்டால் அச்சில் வெள்ளைத் திட்டு விழும். கை நடுங்கினால் முகமே மாறிவிடும்.

பென்சிலுக்கு எதிர்வேலை கத்திக்கு. நெகட்டிவில் எங்கே கறுப்பு அதிகமோ, அங்கே கூரிய கத்தியால் மருந்துப் பூச்சைச் சுரண்டுவார்கள். அச்சில் அந்த இடம் இருளும். பென்சிலில் தவறினால் அழித்துவிட்டு மறுபடியும் போடலாம். கத்தியில் தவறினால் போனது போனதுதான்.

1930-களில் ஹாலிவுட் நட்சத்திரங்களின் படங்களை ஜார்ஜ் ஹரல் என்பவர் எடுத்தார். நடிகை ஜோன் கிராபோர்டின் முகத்தில் புள்ளிகள் நிறைய உண்டு. ரசிகர்கள் வாங்கிப் பத்திரப்படுத்திய படங்களிலோ பளிங்கு முகம்! புள்ளிகள் எல்லாம் பென்சில் முனையில் மறைந்தன.

நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் இருட்டறைக்குப் பக்கத்தில் டச்சிங் மேஜை ஒன்று இருந்தது. கல்யாணப் படம், சஷ்டியப்தபூர்த்திப் படம், காலமான பெரியவரின் படம் எல்லாம் அந்த மேஜையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தன. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுபவர்களும் இருந்தார்கள். கன்னத்துக்கு ரோஜா நிறம், புடவைக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள்.

200 பெண்களின் தூரிகை

சினிமாவுக்கும் முதலில் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள்!

பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் மெலியே 1902-ல் "சந்திரனுக்கு ஒரு பயணம்" என்ற படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். சில பிரதிகளுக்கு மட்டும் கலர் கேட்டார்கள். பாரிஸில் எலிசபெத் துய்யே என்ற பெண்மணி நடத்திய பட்டறையில் அந்த வேலை நடந்தது. சுமார் 200 பெண்கள் அங்கே வேலை செய்தார்கள்.

சினிமாப் பிலிமில் ஒரு கட்டத்தின் அகலம் ஓர் அங்குலம்கூட இல்லை. அதற்குள் சந்திரன், ராக்கெட், மனிதர்கள் எல்லாம் அடக்கம். ஒரு பெண்ணுக்கு ஒரு நிறம். அவள் தன் நிறத்தை மட்டும் எல்லாக் கட்டங்களிலும் தீட்டிவிட்டு அடுத்தவளிடம் கொடுப்பாள். கால் மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் 13,000-க்கு மேற்பட்ட கட்டங்கள்!

அவர்களில் ஒருத்தியின் பெயர்கூடத் திரையில் வரவில்லை.

அந்தக் கலர்ப் பிரதிகள் எல்லாம் அழிந்து போயின என்று பல காலம் நம்பினார்கள். 1993-ல் ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா நகரத்தில் ஒன்று அகப்பட்டது. பிலிம் ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடந்தது. அதைப் பொறுமையாகப் பிரித்தார்கள். கம்ப்யூட்டர் உதவியால் பழுது பார்த்தார்கள். 2011-ல் கான் நகரத்துப் படவிழாவில் திரையிட்டார்கள். 109 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெண்கள் தீட்டிய மஞ்சளும் சிவப்பும் மறுபடியும் திரையில் மின்னின.

மூன்று விளக்குகள்

பிறகு பிலிமிலேயே கலர் வந்தது. தமிழில் முழு நீளக் கலர்ப் படமாக 1956-ல் "அலிபாபாவும் 40 திருடர்களும்" வெளிவந்தது. 1959-ல் "வீரபாண்டிய கட்டபொம்மன்" வந்தது. அதன் டெக்னிக்கலர்ப் பிரதிகள் லண்டனில் தயாராயின. 1964-ல் "காதலிக்க நேரமில்லை" ஈஸ்ட்மென் கலரில் வந்து ஊரைக் கலக்கியது.

பிலிமிலேயே கலர் வந்த பிறகு, கிரேடருக்கு என்ன வேலை?

வேலை அப்போதுதான் அதிகமாயிற்று! ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் காதலனும் காதலியும் பேசுகிறார்கள். திரையில் இரண்டு நிமிடம். எடுப்பதற்கு ஒரு நாள் முழுவதும் ஆகும். காதலன் முகத்தைக் காலை 9 மணிக்கு எடுத்திருப்பார்கள். காதலி முகத்தை மாலை 4 மணிக்கு எடுத்திருப்பார்கள். காலை வெயில் ஒரு நிறம். மாலை வெயில் ஒரு நிறம். நடுவில் மேகம் வேறு வந்து போயிருக்கும். அப்படியே ஒட்டினால், அவன் நீலமாகவும் அவள் மஞ்சளாகவும் தெரிவார்கள். ஒரே தோட்டத்தில் நிற்கிறார்கள் என்று யார் நம்புவார்கள்?

இதைச் சரிக்கட்டுவதுதான் கிரேடரின் வேலை. நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்கும் இயந்திரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 50 படிகள். ஒவ்வொரு துண்டுக் காட்சிக்கும் எந்த வெளிச்சம் எத்தனையாம் படி என்று கிரேடர் எண் குறிப்பார். இயந்திரம் அதன்படி அச்சடிக்கும்.

இதிலும் எல்லாம் தலைகீழ்தான். சிவப்பு வெளிச்சத்தைக் கூட்டினால் படத்தில் சிவப்பு குறையும்! நீலத்தைக் கூட்டினால் மஞ்சள் ஏறும். இதையெல்லாம் மனக்கணக்காகப் போட வேண்டும். எண்களைக் குறித்துவிட்டு, முதல் பிரதி கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். திரையில் ஓட்டிப் பார்த்து, டைரக்டரும் காமிராமேனும் குறை சொன்னால் மறுபடியும் எண் மாற்ற வேண்டும்.

முகத்தை மட்டும் மாற்றி வானத்தை விட்டுவிட அந்த இயந்திரத்தால் முடியாது. மாற்றினால் முழுப் படமும் மாறும். அந்தக் குறை தீர 2000-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பசுமை பழுத்தது!

அமெரிக்காவில் கோயன் சகோதரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். படத்தின் பெயர் "ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?". கதை 1930-களில் நடக்கிறது. ஊர் காய்ந்து, புழுதி பறந்து, கையால் வண்ணம் தீட்டிய பழைய தபால் கார்டு போல இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

ஆனால் படம் எடுத்த இடம் மிசிசிபி மாநிலம். அங்கே அது கோடை காலம். மரம், செடி, புல் எல்லாம் பச்சைப் பசேல் என்று செழித்து நின்றன! காமிராமேன் ரோஜர் டீக்கின்ஸ் லாபரட்டரி முறைகளைப் பரீட்சித்துப் பார்த்தார். பச்சை போகவில்லை.

கடைசியில் முழுப் படத்தையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். வாரக் கணக்கில் உட்கார்ந்து, பச்சையை மட்டும் பிடித்துக் காய்ந்த மஞ்சளாக மாற்றினார்கள். நடிகர்களின் முகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2000-ம் ஆண்டில் படம் வெளிவந்தது. முழுக்க முழுக்க இந்த முறையில் நிறம் திருத்திய முதல் பெரிய படம் இதுதான் என்று சொல்கிறார்கள்.

இந்த முறையைத்தான் தமிழ்ச் சினிமாக்காரர்கள் "டி.ஐ." என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

சாம்பல் நிற அறை

இன்று கலரிஸ்ட் வேலை செய்யும் அறைக்குள் போனால் ஆச்சரியமாக இருக்கும். உலகத்து நிறங்களை எல்லாம் ஆட்டிவைக்கும் அந்த அறையில் நிறமே இல்லை! சுவர் சாம்பல் நிறம். வெளிச்சம் மங்கல். காரணம் இருக்கிறது. பக்கத்தில் சிவப்புச் சுவர் இருந்தால், கண் சிவப்புக்குப் பழகிவிடும். பிறகு படத்தில் சிவப்பு குறைவாகத் தோன்றும். கை தானாக அதைக் கூட்டிவிடும். படம் கெட்டுவிடும்.

மேஜை மீது மூன்று உருண்டைகள் இருக்கும். ஒன்று இருட்டுப் பகுதிக்கு. ஒன்று நடுத்தர வெளிச்சத்துக்கு. ஒன்று பளிச்சென்ற பகுதிக்கு. உருண்டையைச் சற்று உருட்டினால் நிறம் மாறும். பக்கத்தில் ஒரு கருவி, நிறங்களின் அளவைக் கோடுகளாகக் காட்டிக்கொண்டே இருக்கும். கண் களைத்துவிட்டால் ஏமாற்றும். கருவி ஏமாற்றாது. ஆகவே, கெட்டிக்காரக் கலரிஸ்ட் இரண்டையும் பார்ப்பார். அடிக்கடி எழுந்துபோய்க் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பார்.

முதலில் ஒவ்வொரு துண்டையும் சமன் செய்வார். அடுத்து, பக்கத்துத் துண்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். பிறகு முகங்கள். கடைசியில்தான் "பொன் வெயில்", "நீல இரவு" போன்ற அலங்காரம். புதிதாக வருபவர்கள் அலங்காரத்தில் தொடங்கிவிட்டுத் திண்டாடுவார்கள். சுவரைப் பூசாமல் சுண்ணாம்பு அடித்த கதை அது!

இரண்டரை மணி நேரப் படத்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் உண்டு. ஒரு காட்சியில் முகம் நகர்ந்தால், முகத்துக்குப் போட்ட வெளிச்சமும் கூடவே நகர வேண்டும். இல்லாவிட்டால் திருட்டு வெளிப்பட்டுவிடும்!

போட்டோ டச்சிங்கும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய "போட்டோஷாப்" 1990-ல் விற்பனைக்கு வந்தது. பென்சில், கத்தி, தூரிகை எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. தவறினால் ஒரு பொத்தானைத் தட்டிப் பழையபடி ஆக்கலாம். பழைய டச்சிங்காரர் கனவிலும் காணாத சௌகரியம்!

சிவந்து போன படங்கள்

பழைய கலர்ப் படங்களின் பிரதிகள் ஒரேயடியாகச் சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலர் பிலிமில் மூன்று சாயங்கள் உண்டு. அவற்றில் பச்சை கலந்த நீலச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். மற்ற இரண்டும் மிஞ்சி நிற்பதால் வானம், மரம், முகம் எல்லாம் சிவந்துவிடும்.

இவற்றைக் காப்பாற்றுவதும் இந்தத் தொழிலாளிகள்தான். கீறல்களை அழித்து, போன நிறத்தை மீட்கிறார்கள். 1964-ல் வந்த "கர்ணன்" இப்படிப் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் மறுபடியும் திரைக்கு வந்தது. படம் முதலில் வந்தபோது பிறந்திராத பிள்ளைகள்கூடக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கறுப்பு என்றால் குறையா?

இனித்தான் சங்கடமான விஷயம்.

கலர்ப் படம் அச்சடிக்கும் இடங்களுக்கு, நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படத்தைக் கொடுத்தது. அதற்கு "ஷெர்லி கார்டு" என்று பெயர். கோடாக்கில் வேலை செய்த ஷெர்லி என்ற பெண்ணின் பெயர் அது. பல ஆண்டுகள் அந்தக் கார்டுகளில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்களே. அவர்கள் முகம் சரியாக வந்தால், எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்தவர்கள் முகம் இருண்டு போயிற்று. அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்பவர்களும், தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்தார்கள். பிலிமைத் திருத்தும் வேலைக்கு அதுவும் ஒரு தூண்டுகோலாக இருந்தது! பல நிறத்துப் பெண்களும் சேர்ந்து இருக்கும் கார்டு 1990-களில்தான் வந்தது.

அமெரிக்காவைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். மாநிறமான பெண் ஆல்பத்தில் வெள்ளை வெளேர் என்று இருப்பாள். "கொஞ்சம் கலரைத் தூக்கிவிடுங்கள்" என்று கேட்பது வீட்டார்தான். டச்சிங்காரர் என்ன செய்வார்? வாடிக்கையாளர் கேட்பதைச் செய்கிறார். பிறகு அந்தப் பெண்ணே ஆல்பத்தைப் பார்த்து, "இது நானா?" என்று கேட்கிறாள். தன் சொந்த நிறம் ஒரு குறை என்று அவளுக்குச் சொல்லாமல் சொல்லியாகிவிட்டது.

எது வரை திருத்தலாம்?

பென்சில் பிடித்த கை, ஆளையே அழிக்கவும் செய்யும்.

1937-ல் ரஷியாவில் ஒரு கால்வாய்க் கரையில் ஸ்டாலின் நடந்து போகும் படத்தை எடுத்தார்கள். பக்கத்தில் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷாவ் இருந்தார். பிறகு அவர் ஸ்டாலினின் கோபத்துக்கு ஆளானார். 1940-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே படம் மறுபடியும் அச்சானபோது, யெஷாவ் இருந்த இடத்தில் கால்வாய்த் தண்ணீர்தான் இருந்தது!

1982-ல் "நேஷனல் ஜியாகரபிக்" பத்திரிகை, அட்டையில் இடம் போதவில்லை என்று எகிப்திய பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தி வைத்தது. 1994-ல் "டைம்" பத்திரிகை, கொலை வழக்கில் கைதான ஓ.ஜே.சிம்ப்சனின் போலீஸ் படத்தை மேலும் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. "நியூஸ்வீக்" அதே படத்தை உள்ளபடியே போட்டிருந்ததால் குட்டு வெளிப்பட்டது. கண்டனங்கள் கிளம்பின.

பிரான்சு நாடு 2017-ல் ஒரு விதியை அமலுக்குக் கொண்டுவந்தது. விளம்பரப் படத்தில் மாடல் அழகியின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ காட்டத் திருத்தினால், "திருத்திய படம்" என்று அச்சிட்டாக வேண்டும். மீறினால் 37,500 யூரோ வரை அபராதம்.

சட்டம் சொல்லாத ஒரு விதியை நல்ல டச்சிங்காரர்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் தானாக மறைந்துவிடுவதை நீக்கலாம். என்றும் இருப்பதை, உரியவர் கேட்காமல் தொடக் கூடாது. பரு போகலாம். மறு இருக்க வேண்டும். வியர்வை போகலாம். தழும்பு இருக்க வேண்டும்.

மறு என்பது சாதாரணமா? பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் அங்க அடையாளம் என்று எழுதுவதே அதைத்தானே! பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும் படத்தில் திருத்தமே கூடாது என்பதும் இதனால்தான்.

யார் வரலாம்?

இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் தேவை இல்லை. "டாவின்சி ரிசால்வ்" என்ற கலர் கருவியை ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகள்தான் வாங்க முடியும். இன்று அதன் ஒரு வகை இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நல்ல கம்ப்யூட்டரும், நிறம் தப்பாத திரையும் இருந்தால் வீட்டிலேயே பழகலாம்.

ஆனால் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய வம்ச ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரிவது இல்லை. பெண்களில் இந்தக் குறை மிகக் குறைவு. ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கொண்டு இதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம்.

பொறுமையும் வேண்டும். உட்கார்ந்தே செய்யும் வேலை. கழுத்தும் கண்ணும் வலிக்கும். படம் வெளியாகும் தேதி நெருங்கினால் இரவு பகல் கிடையாது. எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகப் படம் வந்து சேரும் இடம் இது. மற்றவர்கள் வீணாக்கிய நாட்களை எல்லாம் இவர்தான் ஈடுகட்ட வேண்டும்!

இப்போது செயற்கை அறிவு கொண்ட இயந்திரங்களும் போட்டிக்கு வந்துவிட்டன. ஒரு நொடியில் முகத்தை மெழுகி வழவழப்பாக்கிவிடுகின்றன. "இனி ஆள் எதற்கு?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். இயந்திரம் வேகமாக வேலை செய்கிறது. ஆனால் பாட்டியின் முகத்தில் எந்தச் சுருக்கம் பாட்டி சிரிப்பதால் வந்தது என்று அதற்குத் தெரியாது. எங்கே கையை நிறுத்த வேண்டும் என்பதை அந்தப் பாட்டியைப் பார்த்த கண்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை ஸ்டூடியோவுக்குப் போகும்போது, "அழகாக்கிக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். "எங்கள் ஜாடை போகாமல் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் சுவரில் பார்க்கப்போவது அந்த முகத்தைத்தான்.